களஞ்சிய அறையில் கிடக்கிற அந்தப் பழைய கணினிகள் பற்றி ஐசிடி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஐசிடி படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்களுடைய அதிபர்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். உங்களில் பலருடைய லேப்புக்கு நான் வந்திருக்கிறேன். கடல் காற்றில் துரு ஏறிய மதர்போட்டைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன், ரம்மைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டு உயிர் வரவைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு பாடசாலையில் களஞ்சிய அறையைத் திறந்து காட்டினார்கள். உடைந்த கதிரைகளுக்கும் பழைய வரவுப் புத்தகங்களுக்கும் நடுவே இருபது பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. 2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, இவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, ஆகவே கழிக்கிற பட்டியலில் எழுதியாயிற்று என்றார்கள். விண்டோஸ் 11 ஏறாது என்பது உண்மை. அது கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய புரோசசரும் இவற்றில் இல்லை. ஆனால் நான் நான்கு பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்கிலும் கோர் 2 டுவோ, 2 ஜிபி ரம், நல்ல வன்தட்டு. தூசி தட்டியதும் நான்கும் எழும்பின.

இன்னொன்றையும் அங்கேயே கண்டேன். "இது 32 பிட் மெஷின், இனி ஒன்றுக்கும் உதவாது" என்று ஒட்டியிருந்த கடதாசி. மெஷின் 32 பிட் அல்ல. வாங்கிய காலத்தில் அதில் 32 பிட் விண்டோஸ் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட். தயவுசெய்து உங்கள் அறையிலும் போய்ப் பாருங்கள், இந்த ஒரு தவறான எண்ணத்தால் கழிக்கப்பட்ட பெட்டிகள் எத்தனையோ என் கடைக்கு உதிரிப்பாகமாக வந்திருக்கின்றன.

சரி, இவற்றில் என்ன போடுவது? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச முறைமை லினக்ஸ். "லினக்ஸ் போட்டுத் தாங்க" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள், போட்டும் தருகிறேன். பிள்ளைகள் தினமும் இருந்து பைதன் எழுதுவதற்கும், வலைப்பக்கம் செய்து பார்ப்பதற்கும், மைஎஸ்கியூஎல் பழகுவதற்கும் டெபியன் என்ற லினக்ஸ் வகை போதும். அதற்கு மேல் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஈ மேசைமுகம். 2 ஜிபியில் இணைய உலாவி மூச்சு வாங்கும், அதை மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் ஓடும். இதைச் சொல்லித்தர நான் தேவையில்லை. நான் கேட்க வந்தது வேறு: எல்லாப் பெட்டியிலும் லினக்ஸைப் போட்டு முடிக்காதீர்கள். ஒன்றிலாவது லினக்ஸ் அல்லாத இன்னொரு இலவச யுனிக்ஸ் வகை முறைமையைப் போட்டு, லினக்ஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பிள்ளைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். உயர்தர வகுப்பில் பணிசெயல் முறைமை என்ற அலகு இருக்கிறது. வன்பொருளை ஆளுகிற மைய நிரலைக் கேர்னல் என்று சொல்கிறோம், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் கீறுகிறோம். நடுவில் வன்பொருள், அதைச் சுற்றிக் கேர்னல், அதற்கு வெளியே கட்டளையை வாங்குகிற ஷெல், அதற்கும் வெளியே பயனர். பிள்ளை அந்தப் படத்தைப் பாடமாக்கிப் பரீட்சையில் கீறிவிட்டு வருகிறது. கேர்னல் என்பது கழற்றி மாற்றக்கூடிய ஒரு பொருள், அதை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு வகைச் சோற்றை மட்டும் சாப்பிட்டு வளர்ந்தவனிடம் அரிசியின் வகையைக் கேட்டால் என்ன சொல்வான்? நம்முடைய ஊரில் சம்பா அரிசிக்கும் நாட்டரிசிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை கிடையாது, காரணம் இரண்டும் வீட்டில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகள் சிலர் கடைக்கு வந்து பழகுவார்கள். ஒரு நாள் ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றில் டெபியனும், மற்றதில் லினக்ஸ் அல்லாத யுனிக்ஸ் வகையான ஓபன்பிஎஸ்டியும் போட்டு வைத்தேன். இரண்டிலும் கறுப்புத் திரை, இரண்டிலும் எல்எஸ், சிடி, கேட், கிரெப் என்ற கட்டளைகள் எல்லாம் வேலை செய்தன. ஒரு பையன் பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ண, ரெண்டும் ஒண்டுதானே, மறுகா ஏன் ரெண்டு பேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில் சொல்லாமல், இரண்டிலும் வலைப்பின்னல் அட்டையின் பெயரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன்.

இரண்டு பெட்டிகளிலும் இருந்தது ரியல்டெக் அட்டைதான், ஒரே மொடல். டெபியனில் அதன் பெயர் ஈஎன்பி2எஸ்0 என்று வந்தது. ஓபன்பிஎஸ்டியில் ஆர்ஈ0 என்று வந்தது. பையன் நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து அட்டையையே பார்த்தான். டெபியன் பெயரில் ஈஎன் என்பது ஈதர்நெட், பி2 என்பது இரண்டாம் இலக்கப் பிசிஐ பாதை, எஸ்0 என்பது அதில் உள்ள இடம். அதாவது அட்டை எங்கே குந்தியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர். ஓபன்பிஎஸ்டி அந்த அட்டையை எந்த டிரைவர் நடத்துகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது. இந்த வகை ரியல்டெக் அட்டைகளுக்கான டிரைவரின் பெயர் ஆர்ஈ, முதலாவது அட்டை என்பதால் பூச்சியம். இன்டெல் கிகாபிட் அட்டை என்றால் பெரும்பாலும் ஈஎம்0 என்று வரும். மேன் ஆர்ஈ என்று அடித்தால் அந்த டிரைவருக்கான கைநூல் பக்கம் திறக்கும், எந்தெந்தச் சில்லை அது நடத்தும் என்று அதில் எழுதியிருக்கும். ஒருவரை "கோயிலடி வீட்டுக்காரர்" என்றும் சொல்லலாம், "தச்சுவேலைக்காரரின் மகன்" என்றும் சொல்லலாம். ஆள் ஒருவர்தான். பெயர் வைத்தவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார் என்பது பெயரிலேயே இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பையனுக்கு டிரைவர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது "இவை எங்கிருந்து வந்தன?" என்பதாக இருக்கும். இந்தக் கதையை நேரம் எடுத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டு முறைமைகளின் குணமும் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

1969-இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இரண்டுக்கும் மூத்தது. அந்த யுனிக்ஸைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் வாங்கிக் கூட்டியும் திருத்தியும் வளர்த்தது, அதுதான் பிஎஸ்டி. பல ஆண்டு வேலையில் பெல் ஆய்வுகூடத்தின் மூல நிரல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, பெரும்பகுதி பேர்க்லியில் எழுதியதாகவே ஆகிவிட்டது. அதைச் சாதாரண இன்டெல் 386 மெஷினுக்குக் கொண்டுவந்து வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் தம்பதியினர் 1992-இல் 386பிஎஸ்டி என்று வெளியிட்டார்கள். அதன் வழியில் 1993-இல் நெட்பிஎஸ்டியும் ப்ரீபிஎஸ்டியும் வந்தன. நெட்பிஎஸ்டியிலிருந்து 1995-இல் தியோ டி ராட் பிரிந்து போய்த் தொடங்கியது ஓபன்பிஎஸ்டி.

இன்னொரு பக்கம், ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். முழுக்க முழுக்கச் சுதந்திரமான ஒரு யுனிக்ஸ் வகை முறைமை வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கம்பைலர் வந்தது, ஷெல் வந்தது, சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் வந்தன, கேர்னல் மட்டும் வரவில்லை. ஹேர்ட் என்ற பெயரில் 1990-இல் அதைத் தொடங்கினார்கள், இன்றுவரை அது அன்றாடப் பாவனைக்கு வந்து சேரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386-இல் எழுதிய கேர்னல் வந்து விழுந்தது. 386பிஎஸ்டி அப்போதே கையில் கிடைத்திருந்தால் லினக்ஸ் அநேகமாகப் பிறந்தே இருக்காது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதோடு, 1992-இல் யுனிக்ஸ் உரிமையாளர்கள் பிஎஸ்டி மீது வழக்குப் போட்டார்கள், 1994 தொடக்கத்தில்தான் அது சமாதானத்தில் முடிந்தது. அந்த இரண்டு வருடமும் பிஎஸ்டியைத் தொடப் பலர் தயங்கினார்கள். லினக்ஸுக்கோ தடையில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது இரண்டு பெட்டிகளுக்கும் திரும்பி வாருங்கள். லினக்ஸ் என்பது கேர்னல் மட்டும்தான். அதன் மேல் குனூவின் கருவிகள், வேறொருவருடைய தொடக்க நிரல், இன்னொருவருடைய மேசைமுகம் என்று பல இடத்துச் சாமான்களைச் சேர்த்து ஒழுங்குபண்ணி ஒரு முறைமையாகத் தருவது டெபியன் போன்ற குழுக்களின் வேலை. பிஎஸ்டிகள் அப்படி இல்லை. கேர்னலும் அடிப்படைக் கருவிகளும் கைநூலும் ஒரே வளவுக்குள், ஒரே மூல நிரல் தொகுப்பில், ஒரே குழுவின் கையால் எழுதப்படுகின்றன. அதனால்தான் ஓபன்பிஎஸ்டியில் எந்தக் கட்டளைக்கும் எந்த டிரைவருக்கும் கைநூல் பக்கம் சுத்தமாக இருக்கிறது. படுவான்கரையில் டொங்கிள் சிக்னலுக்காக ஜன்னலோரம் நின்று பார்க்கிற பாடசாலைக்கு இது பெரிய விசயம். இணையமே இல்லாமல் முழு விளக்கமும் பெட்டிக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அந்த இடத்தில்தான் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேர்னலும் கருவியும் தனித்தனி என்பதைக் காட்ட ஒரு அழகான சோடி உண்டு. டெபியன் குழு 2011-இல் தன் ஆறாம் பதிப்போடு, குனூ கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் ப்ரீபிஎஸ்டி கேர்னலைப் போட்ட ஒரு முறைமையையும் பரீட்சார்த்தமாக வெளியிட்டது. ஆர்வலர்கள் குறைந்துபோய் 2023-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு நேர் மறுபக்கமாக, கைமேரா லினக்ஸ் என்ற முறைமை அடியில் லினக்ஸ் கேர்னலையும் மேலே ப்ரீபிஎஸ்டியின் கருவிகளையும் வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதினால் பாடப்புத்தகத்து வட்டங்கள் தாமாகக் கழன்று வரும்.

கேர்னலின் உள்கட்டமைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. லினக்ஸும் பிஎஸ்டிகளும் எல்லாவற்றையும் ஒரே பெரிய நிரலாக வைத்திருக்கிற வகை. டிரைவரும் கோப்பு முறைமையும் வலைப்பின்னலும் கேர்னலுக்குள்ளேயே ஓடும். மினிக்ஸ் என்ற யுனிக்ஸ் வகைக் கற்பித்தல் முறைமையை எழுதிய பேராசிரியர் அன்ட்ரூ தனன்போம் 1992 ஜனவரியில், இந்தக் கட்டமைப்பு காலாவதியானது, டிரைவர் போன்றவற்றை வெளியே வைத்துச் சின்னதாக்கிய மைக்ரோகேர்னல்தான் வழி என்று லினக்ஸைக் கடிந்து எழுதினார். மாணவராயிருந்த டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காமல் பதில் எழுதினார். முப்பது வருடத்துக்குப் பிறகு பார்த்தால், பேராசிரியர் காலாவதி என்ற கேர்னல்தான் உங்கள் பிள்ளைகளின் அன்ட்ரொயிட் போன் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளிலும் அதுதான். ஐபோனில் இருக்கிற எக்ஸ்என்யூ கேர்னலோ மாக் (Mach) என்ற மைக்ரோகேர்னலையும் பிஎஸ்டியின் பகுதிகளையும் சேர்த்துப் பிசைந்தது. ஆக இரண்டு குடும்பமும் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் ஏற்கனவே இருக்கின்றன.

மின்வெட்டைச் சொல்லாமல் நம்முடைய ஊரில் கணினி பற்றி எழுத முடியாது. 2022-இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்கவில்லை நாம். இப்போதும் மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது. ஆகவே இரண்டு பெட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். பிள்ளைகள் பதறினார்கள். திரும்பப் போட்டதும் டெபியன் வழமைபோல எழும்பிவிட்டது, ஏனென்றால் அதன் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை செய்யப்போகிற மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். எழும்பும்போது அந்தக் குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் போதும். ஓபன்பிஎஸ்டியின் கோப்பு முறைமையில் அந்தக் குறிப்பேடு கிடையாது. அது வன்தட்டின் கணக்கு முழுவதையும் ஒருமுறை சரிபார்த்தது. ஒரு தேத்தண்ணி ஆறக் குடிக்கிற நேரம் ஆயிற்று. சில வேளை தானாகத் தீர்க்க முடியாமல் நின்று, ஆள் கைபோட வேண்டியும் வரும். ப்ரீபிஎஸ்டியில் பழைய யூஎஃப்எஸ் கோப்பு முறைமைக்கும் குறிப்பேடு உண்டு, நல்ல ரம் உள்ள மெஷின் என்றால் இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் போடலாம்.

இசட்எஃப்எஸ் என்றதும் உரிமம் பற்றிய பேச்சு வரும், அதையும் தட்டிக் கழிக்காதீர்கள். இலவசம் என்றால் காசில்லை என்று மட்டும் பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம், திருத்தி மற்றவருக்குக் கொடுத்தால் திருத்திய மூல நிரலையும் கொடு என்று கேட்கிறது. பிஎஸ்டி உரிமம், எழுதியவர் பெயரை அழிக்காதே, மற்றபடி மூடி விற்றாலும் உன் விருப்பம் என்கிறது. பிளேஸ்டேசன் 4-இன் முறைமை ப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது இந்த வழியில்தான். சன் நிறுவனம் இசட்எஃப்எஸ்ஸை வெளியிட்ட உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்பதால் லினக்ஸ் கேர்னலின் மூல நிரல் தொகுப்புக்குள் அது போகவில்லை, ப்ரீபிஎஸ்டிக்கு அந்தத் தடை இல்லாததால் 2008-இல் ஏழாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இவற்றில் எனக்கு ஜிபிஎல்தான் நெஞ்சுக்கு நெருக்கம். 2004 டிசெம்பர் 26-க்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காக இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய சகானா மென்பொருள் சுதந்திர மென்பொருளாக வெளிவந்தது. அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2010-இல் ஹெய்ட்டிக்கும் அது போய் உதவியது. நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் நாம் பட்ட பாட்டிலிருந்து பிறந்த ஒன்று அது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிஎஸ்டியின் குறையையும் சொல்லவேண்டும். வைஃபை அட்டைகள் பல ஓடாது, ஓடினாலும் லினக்ஸில் போல வேகம் வராது. ஓபன்பிஎஸ்டியில் புளூடூத்தே இல்லை, 2014-இல் எடுத்துவிட்டார்கள். நம்முடைய அலுவலகங்களில் எல்லா இடத்திலும் இருக்கிற அந்தச் சின்ன லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓடவைக்கவே எனக்கு ஒரு பின்னேரம் போகும், பிஎஸ்டியில் முயன்று கைவிட்டேன். டிரைவர் எழுதுகிற நிறுவனங்கள் லினக்ஸைத்தான் முதலில் பார்க்கின்றன. ஆகவே வினாத்தாள் அடிக்கிற மெஷினில் பிஎஸ்டி போடாதீர்கள்.

மறுபக்கம், உண்மையிலேயே 32 பிட் ஆன பென்டியம் 4 உங்களிடம் இருந்தால் கதை மாறுகிறது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட்டுக்கு நிறுவி கிடையாது. ப்ரீபிஎஸ்டியும் 15-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் இன்னும் கைவிடவில்லை. அந்தக் கிழட்டுப் பெட்டியில் ஓபன்பிஎஸ்டி போட்டால், ஒவ்வொரு முறை எழும்பிய பிறகும் பின்னணியில் தன் கேர்னலின் துண்டுகளை வேறு வரிசையில் மாற்றிக் கோர்த்து அடுத்த முறைக்கு ஆயத்தமாக வைக்கும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தாக்க வருகிறவன் முன்கூட்டிக் கணிக்க முடியாது. அந்தக் கோர்க்கிற வேலை அந்த மெஷினில் மெதுவாகத்தான் நடக்கும். நடக்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். இதே குழுதான் 1999-இல் ஓபன்எஸ்எஸ்எச்சைத் தந்தது. இன்று உலகத்தில் தூரத்துச் சேவையகக் கணினிக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் அதன் வழியாகத்தான் நுழைகிறார்கள், லினக்ஸ் பாவிக்கிறவர்களும் சேர்த்துத்தான்.

தமிழ் அடிப்பது பற்றி நீங்கள் கேட்பீர்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகிய விரல் எங்கே போகும் என்று. அது கேர்னலின் வேலை அல்ல, மேலே இருக்கிற உள்ளீட்டு முறையின் வேலை. அதற்கான ஐபஸ் என்ற மென்பொருள் இரண்டு பக்கமும் இருக்கிறது. பழைய பாமினி வினாத்தாள்களைத் திறக்க அந்த எழுத்துருவைப் போட்டால் போதும்.

இவ்வளவுக்கும் உங்களிடம் கேட்பது சின்ன விசயம். கழிக்கிற பட்டியலில் கையெழுத்து வைக்கமுன் இரண்டு பெட்டிகளை எடுத்து ஒதுக்குங்கள். ஒன்றில் டெபியன், மற்றதில் ஏதாவது ஒரு பிஎஸ்டி. பணிசெயல் முறைமை அலகு தொடங்குகிற கிழமையில் அவற்றை வகுப்பின் முன்மேசையில் வைத்து, மூடியைக் கழற்றி, இரண்டிலும் யூநேம் என்று அடிக்கச் சொல்லுங்கள். ஒன்று லினக்ஸ் என்று சொல்லும், மற்றது தன் பெயரைச் சொல்லும். மிச்சத்தைப் பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ கணினி படிக்கப் போகிறவர்கள் அந்தக் கறுப்புத் திரையை அங்கேதான் முதல்முதலாகக் காணவேண்டும் என்று இல்லையே.

இரண்டுக்குமான நிறுவி போட்ட பென் டிரைவ்கள் என்னிடம் ஆயத்தமாக இருக்கின்றன. வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்தப் பாடசாலைக்கும் சனிக்கிழமை காலையில் வருவேன், பஸ் காசுகூட வேண்டாம். களஞ்சிய அறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் வெள்ளிக்கிழமையே பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கொம்பியூட்டர் திருத்துகிறவன்